பவுனுத்தாயி பூட்டிய பல்சக்கரம்

கீழூத்தில் யாரைக் கேட்டாலும், ஆனமுதுகு மலை முதன்முதலாக முன்னங்காலை மடக்கிக் குனிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு என்று மணி நிமிஷத்தோடு சொல்வார்கள், அன்றைக்கு ரேஷன் கடையில் பாமாயில் போட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள், ஆனால் அன்றைக்கு ஒச்சப்பன் ஊரில் இல்லை என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அது யாருக்கும் ஞாபகம் இல்லை, ஒச்சப்பனைத் தவிர.

அவனுடைய சைக்கிள் கடை மலைப்பாதையின் முதல் வளைவை ஒட்டி இருந்தது. அங்கே தொடங்கும் பாதை பதினேழு கொண்டையூசி வளைவுகளாகச் சுற்றிச் சுற்றி ஏறி மேலூத்தில் போய் மூச்சு வாங்கும். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கடையில் பஞ்சர் ஒட்டி, சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்து, பெடல் மாற்றி, பிறகு கியர் சைக்கிள் என்று ஒன்று அந்தப் பக்கம் வந்து சேர்ந்தபோது மதுரைக்குப் போய் ஒரு பெரிய கடை வாசலில் மூன்று நாள் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டு வந்து, சுத்துப்பட்டு ஏழு ஊருக்கும் கியர் என்றால் ஒச்சப்பன் என்று ஆகியிருந்தான். பவுனுத்தாயி அவன் மனைவி. கடையின் பின்கட்டிலேயே குடியிருப்பு என்பதால், டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பதும், கேட்கும் ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பதும், அவன் வெளியே போனால் வந்தவர்களுக்குக் காற்று அடித்துவிடுவதுமாக அவளும் அந்தக் கிரீஸ் வாசத்திலேயே இருந்தாள், ஆனால் அவள் வேலை செய்கிறாள் என்று ஊர் நினைத்ததில்லை, ஒச்சப்பனும் நினைத்ததில்லை, அவளும் நினைத்த மாதிரி காட்டிக்கொண்டதில்லை.

மேலூத்துக்குத் தபால் கொண்டுபோகிறவள் ஜெசிந்தா. கப்பலில் வேலை பார்க்கும் தம்பி வாங்கிக் கொடுத்த கியர் சைக்கிளில், பின்சக்கரத்தில் சின்னதிலிருந்து பெரியது வரைக்கும் எட்டுப் பல்சக்கரம் அடுக்கியிருக்கும் சைக்கிளில், தினமும் அந்தப் பதினேழு வளைவையும் ஏறி இறங்குவாள். அந்த வருஷம் மழை ஓய்ந்ததிலிருந்து அதில் ஒரு கோளாறு.

"அண்ணே, ஏத்தத்துல அழுத்தி மிதிச்சா செயினு டக்கு டக்குன்னு தாவுது. நேத்து எட்டாவது வளைவுல முழங்காலு போயி ஹேண்டில்பார்ல இடிச்சிருச்சு."

ஒச்சப்பன் கேபிளை மாற்றினான், தாவியது. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் கியர்க்கையின் திருகுகளை அரைச் சுற்று அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பினான், தாவியது. கடைசியில் புதுச் செயினே போட்டான், முன்னைவிட மோசமாகத் தாவியது. அப்போது பின்கட்டிலிருந்து பவுனுத்தாயி, "பல்லு தேஞ்சுபோயிருக்கும் போலங்க, புதுச் செயின் எப்பிடி உக்காரும்?" என்று கேட்டாள். ஒச்சப்பன் அவள் பக்கம் திரும்பாமல் ஜெசிந்தாவிடம், "சைக்கிள்ல ஒண்ணுமில்லம்மா, ஒன் மிதிதான் சரியில்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

அதற்கு மூன்று வாரம் கழித்து அவன் அருப்புக்கோட்டையில் ஒரு காதுகுத்துக்குப் போன அன்றைக்குத்தான், ஜெசிந்தா தன் தோள்பையில் தானே சுமந்து வந்த தபால்களுக்கு நடுவில் தன் பேருக்கே ஒரு பார்சல் இருப்பதைப் பார்த்துப் பிரித்தாள். தம்பி அனுப்பிய புதுப் பல்சக்கர அடுக்கு. அதற்குக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் பேர் கேசட், பாட்டுக் கேட்கிற கேசட் இல்லை. ஒச்சப்பன் வரும்வரை பொறுக்க மாட்டாமல் அவள் பவுனுத்தாயியிடம் அதை நீட்டினாள். பவுனுத்தாயி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பின்சக்கரத்தைக் கழற்றி மடியில் படுக்கவைத்து, பழைய அடுக்கு சுற்றிவிடாமல் ஒரு துண்டுச் செயினை அதன் பல்லில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, முகப்பில் இருந்த வளையத்தை ஒரே திருகில் விடுவித்து, தேய்ந்த அடுக்கை உருவி வைத்தாள். அதன் பற்கள் சுறா முதுகு மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து கூராகிக் கிடந்தன. அச்சைச் சுற்றி வெட்டியிருந்த காடிப் பள்ளங்களைப் பழைய பனியன் துணியால் துடைத்தாள். காடிகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் குறுகலாக இருக்கும், அதற்கு நேராகப் பிடித்தால்தான் பல்சக்கரம் உள்ளே இறங்கும். ஒவ்வொன்றாக நேர்பார்த்து, பெரியது முதலில், சின்னது கடைசியில் என்று எட்டையும் இறக்கி, வளையத்தை வைத்து, கிர்ர் கிர்ர் என்று சத்தம் வரும்வரை இறுக்கினாள். பிறகு பெடலைக் கையால் சுற்றியபடி கேபிள் திருகைக் கால் சுற்று, கால் சுற்று என்று திருப்பி, செயின் ஒவ்வொரு சக்கரத்திலும் சத்தமில்லாமல் ஏறி இறங்குகிறதா என்று காது கொடுத்துக் கேட்டாள். கேட்டவள், "போயிட்டு வா தாயி" என்றாள். அவ்வளவுதான் நடந்தது, அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை என்று ஜெசிந்தா பிறகு ஊர் முழுக்கச் சொன்னாள்.

முதல் வளைவில் ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஜெசிந்தா விரலால் கியரைத் தட்ட, செயின் பெரிய சக்கரத்தில் போய் உட்கார்ந்ததும், ஆனமுதுகு மலை, பாகன் சொன்ன யானை மாதிரி, அவசரமில்லாமல் முன்பக்கத்தை மடக்கிக் கழுத்தைத் தாழ்த்தியது. பதினேழு வளைவும் சேலைக் கொசுவம் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிய, மேலூத்து தன் டீக்கடையோடும் மாதா கோயிலோடும் மிளகுக் கொடிகளோடும் வந்து ஒச்சப்பன் கடைக்கு எதிரே, சைக்கிள் உருண்டு போகிற சமதரையில் நின்றது. ஜெசிந்தா நாலு மிதி மிதித்து மேலூத்துக்குள் போனாள், அரைமணி நேரம் தபால் கொடுத்தாள், திரும்பி வந்து சின்னச் சக்கரத்துக்குக் கியரைத் தட்டினாள், மலை எழுந்து பழையபடி நின்றது. மேலூத்து டீக்கடை சிலம்பாயி அப்போது ஆற்றிக்கொண்டிருந்த டீயில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

மறுநாள் பஸ்ஸில் திரும்பி வந்த ஒச்சப்பனிடம் கண்டக்டர்தான் சொன்னார். "ஒங்க வீட்டம்மா மலையை எறக்கிட்டாகளாம்ல?"

"எந்த மலைய?"

"இங்கின என்ன பத்து மலையா இருக்கு? அந்த மலையத்தான்."

ஒரு வாரத்துக்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது. மலை குனிந்தால் அதன் உச்சியில் சிக்கியிருக்கும் மேகமும் கூடவே இறங்கி வரும் என்பதால் கீழூத்தில் மிளகாய் வத்தல் காயப்போட்டவர்கள் பத்தரைக்கே அள்ளி வைத்தார்கள். மேலூத்துப் பள்ளிக்கூடத்தில் அந்த நேரத்துக்குக் கணக்குப் பாடத்தை எடுத்துவிட்டு விளையாட்டை வைத்தார்கள், ஏனென்றால் மலை எழும்போது வகுப்பில் இருக்கும் எல்லாப் பென்சிலும் ஒரே மூலைக்கு உருண்டு போனது. மின்வாரிய ஆட்கள் வந்து பார்த்து ஒன்றும் பேசாமல் கம்பியைக் கொஞ்சம் தொங்கலாக விட்டுப் போனார்கள். வளைவுகளில் இருக்கும்போது மலை மடங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று கேட்டதற்கு, அப்படி மாட்டிய பலாப்பழ வியாபாரி ஒருவர், கொஞ்சம் இருட்டாக இருந்தது, ஈரமண் வாசம் அடித்தது, ஒரு தூக்கம் போட்டேன் என்றார், ஆனாலும் பஸ் டிரைவர் ஜெசிந்தாவுக்கு முன்னால் போவதில்லை என்று வைத்துக்கொண்டார். கீழூத்தில் வாக்கப்பட்ட மேலூத்துப் பெண்கள் புருஷனோடு கோபித்துக்கொள்வதைப் பத்தே முக்காலுக்கு வைத்துக்கொண்டார்கள், சாலையைத் தாண்டினால் அம்மா வீடு, அரைமணி நேரம் அழுதுவிட்டு மலை எழுவதற்குள் திரும்பி வந்து உலை வைத்தார்கள். பிரசவ வலி எடுத்த ஒருத்தி மட்டும் மலை குனியும் நேரம் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்து, குனிந்ததும் நடந்தே வந்து ஆட்டோ ஏறினாள், பிறந்த பெண்ணுக்குப் பவுனுத்தாயி என்றே பேர் வைத்தார்கள்.

அந்தப் பேர் வைத்ததுதான் ஒச்சப்பனுக்குள் இறங்கிய முதல் ஆணி. அதற்குப் பிறகு தினமும் ஒன்று. சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிறவர்கள் அவன் முகத்துக்கு நேராகவே "அக்கா இல்லையா?" என்று கேட்டார்கள், இருக்கிறாள் என்று தெரிந்ததும் அவனைத் தாண்டிப் பின்கட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். மேலூத்திலிருந்து தேன் வந்தது, காப்பிக்கொட்டை வந்தது, வாசம் தெருவைத் தூக்கும் பலாப்பழம் ஒன்று வந்தது. எல்லோரும் சுளை சுளையாகத் தின்ன, ஒச்சப்பன் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் போய் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக் குழந்தைகள் சப்புக்கொட்டும் சத்தத்தை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தான். மதுரைக் கடை வாசலில் மூன்று நாள் நின்றது யார்? இவளா? ஏழு ஊருக்கும் கியர் என்றால் யார்? மலை குனியும் ஒவ்வொரு காலையும், எதிரே மேலூத்து வந்து நிற்கும்போது, அங்கிருக்கிறவர்கள் கையசைப்பது அவனுக்குப் பின்னால் இருக்கும் யாருக்கோ என்று தெரிந்து, அவன் தலைகுனிந்து ஏதாவது ஒரு நட்டைத் தேடுவான்.

சோறு போடும்போது கேட்டான். "அன்னைக்கு என்னதான் செஞ்ச?"

"காடி பாத்து எறக்குனேன், இறுக்குனேன். வேற என்ன?"

"வேற ஒண்ணுமே செய்யல?"

"தொடச்சேன். நீங்க தொடைக்க மாட்டீகள்ல, அதைத் தொடச்சேன்."

அவள் மறைக்கிறாள் என்று அவனுக்கு உறுதியாகிவிட்டது. மறைக்கிறவள் ஏன் குழம்பு ஊற்றுகிறாள், ஏன் விசிறியை அவன் பக்கம் திருப்பி வைக்கிறாள் என்று எல்லாவற்றிலும் ஒரு சூழ்ச்சி தெரிந்தது. அதே மாதிரி கேசட் ஒன்றை மதுரையிலிருந்து வரவழைத்தான். அவளைப் போலவே தரையில் சம்மணம் போட்டு, சக்கரத்தை மடியில் படுக்கவைத்து, பழைய பனியன் துணியால் துடைத்து, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு இடுப்பில் துண்டைக்கூட முந்தானை மாதிரி செருகிக்கொண்டு, தன் சைக்கிளில் பூட்டினான். கியர் ஒவ்வொன்றும் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல மாறியது, அவன் வாழ்நாளில் அதைவிட நல்ல வேலை செய்ததில்லை. தபால் இல்லாத ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முதல் வளைவில் போய் நின்று, பெரிய சக்கரத்துக்குத் தட்டினான். மலை அசையவில்லை. இன்னொரு தடவை தட்டினான். ஒரு குருவி பறந்தது. நாலாவது வளைவு வரைக்கும் மிதித்து, நெஞ்சடைத்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தபோது பவுனுத்தாயி வாசலில் கோலத்தை முடித்துக்கொண்டிருந்தாள். எங்கே போனீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம், தபாலாபீஸில் ஜெசிந்தா கட்டுப் பிரித்துக்கொண்டிருக்க, வெளிச்சுவரில் அவள் சைக்கிள் சாய்ந்திருந்தது. தெரு வெயிலில் வெறிச்சென்று கிடந்தது. ஒச்சப்பன் சும்மா அந்தப் பக்கம் போகிறவன் போலப் போனான். கியர்க்கையைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் சின்ன இரும்புத் துண்டுக்கு ஹேங்கர் என்று பேர். அது ஒரு நூல் கோணினாலும் செயின் எந்தப் பல்லில் உட்காருவது என்று தெரியாமல் திண்டாடும். ஒச்சப்பன் குனிந்து, செருப்பு வாரைச் சரி செய்கிறவன் போல உட்கார்ந்து, கியர்க்கையைப் பிடித்துத் தன் பக்கமாக ஒரு இழுப்பு இழுத்தான். இரும்பு மெதுவாக இணங்கியது. அவனுக்குள் பல நாளாக முறுக்கேறிக் கிடந்த ஏதோ ஒன்றும் அதோடு சேர்ந்து இளகிய மாதிரி, உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி பரவியது. வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு தின்றான்.

சனிக்கிழமை பத்தே முக்காலுக்கு ஜெசிந்தா கியரைத் தட்டினாள். செயின் பெரிய சக்கரத்தில் ஏறி, நிற்க முடியாமல் அடுத்ததில் விழுந்து, மறுபடி ஏறி, மறுபடி விழுந்தது. மலை பாதி குனிந்து வெடுக்கென்று நிமிர்ந்தது, மறுபடி குனிந்தது, மறுபடி நிமிர்ந்தது. நாலு தடவை. மேலூத்தில் ஓடுகள் சரிந்தன, மாதா கோயில் மணி தானாக அடித்தது, ஒரு கிடாரி இரண்டு வளைவு தூரம் உருண்டு எழுந்து நின்று கத்தியது, சிலம்பாயியின் டீக்கடையில் கொதித்துக்கொண்டிருந்த பால் சட்டியோடு எழும்பி அவள் வலது கையில் முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் ஊற்றியது. அந்த அலறல் மலையின் மேலிருந்து ஒரு தடவையும், கீழிருந்து ஒரு தடவையும், நடுவிலிருந்து ஒரு தடவையும் கேட்டதாகச் சொன்னார்கள்.

ஜெசிந்தா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு ஓடி வந்தாள். "அக்கா, மலை தாவுதுக்கா!"

பவுனுத்தாயி சக்கரத்துக்குப் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். ஹேங்கரைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே ஒரு தரம் தடவினாள். அதே இடத்தைக் கீழிருந்து மேலே இன்னொரு தரம் தடவினாள். பிறகு, "ரெண்டு நாள் இது இங்கயே கெடக்கட்டும் தாயி. அதுவரைக்கும் மலை நிமிந்தே இருக்கட்டும்" என்றாள். ஒச்சப்பன் அப்போது ஒரு டயரை உள்ளும் வெளியுமாக ஏழாவது தடவை சோதித்துக்கொண்டிருந்தான்.

மலை தாவிய பயத்தில் பஸ் மேலே ஏறாததால், சிலம்பாயியைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு பதினேழு வளைவும் இறங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதை அவன் கடையிலிருந்தே பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேஷன் கடைக்காரர் காற்றடிக்க வந்தபோது, "பொம்பள பூட்டுன சக்கரம், எத்தன நாளைக்கு வரும்? ஒச்சப்பா, நீ அன்னைக்கு இருந்திருந்தா இப்பிடி ஆயிருக்குமா?" என்றார். எத்தனையோ நாளாக யாராவது சொல்ல மாட்டார்களா என்று அவன் ஏங்கிக் கிடந்த பேச்சு அதுதான். அது காதில் விழுந்ததும், தனக்கே புரியாத ஒரு ஆத்திரத்தில், காற்றடிக்கிற பம்பைத் தரையில் போட்டுவிட்டுக் கத்தினான்.

"அவ பூட்டுனதுல என்னய்யா கொற கண்டீரு? நாலு மாசமா ஒரு பல்லு தாவுச்சா? அந்த மாதிரி பூட்ட இந்தச் சில்லாவுல ஆளு இருக்கா?"

ரேஷன் கடைக்காரர் பாதிக் காற்றோடு போய்விட்டார். ஒச்சப்பன் பம்பை எடுத்து நிமிர்த்தி வைத்தான். பின்கட்டில் அம்மிச் சத்தம் நின்றிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அரைக்க ஆரம்பித்தது.

திங்கட்கிழமை காலையில் பவுனுத்தாயி ஜெசிந்தாவின் சைக்கிளை அவன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். "ஹேங்கர் கோணியிருக்கு. நீங்க நிமித்துங்க."

"நீயே செய்ய வேண்டியதுதான?"

"எனக்கு நிமித்த வராது. பூட்டத்தான் வரும். நீங்கதான் கத்துக்கிட்டு வந்தீக."

மதுரைக் கடை வாசலில் அவன் பார்த்துக் கற்ற வித்தைகளில் அது ஒன்று. கியர்க்கையைக் கழற்றிவிட்டு, வேறொரு சக்கரத்தின் அச்சை அந்த ஹேங்கர் ஓட்டையில் திருகினான். இப்போது சைக்கிளின் சக்கரமும் இந்தச் சக்கரமும் அருகருகே நின்றன, இரண்டும் எங்கே அளந்தாலும் ஒரே இடைவெளியில் நிற்க வேண்டும். நின்றபாடில்லை, மேலே அகலம், கீழே குறுகல். தான் செய்த கோணலைத் தானே அளந்தான், ஈர்க்குச்சியை ஒடித்து அளந்தான், இரண்டு கையாலும் பிடித்து மூச்சை அடக்கி மயிரிழை மயிரிழையாகத் தள்ளினான். ஒரேயடியாகத் தள்ளினால் அது ஒடிந்துவிடும். பிறகு கியர்க்கையை மாட்டி, செயின் பெரிய சக்கரத்தைத் தாண்டி ஆரக்கம்பிக்குள் விழாதபடி ஒரு திருகையும், சின்னதைத் தாண்டி வெளியே விழாதபடி இன்னொரு திருகையும் வைத்து, கேபிளை இழுத்துக் கட்டி, பெடலைச் சுற்றிக் கேட்டான். சத்தமில்லை. வேர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பவுனுத்தாயி முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு தடவைகூடக் குறுக்கே பேசாமல்.

பத்தே முக்காலுக்கு ஊரே முதல் வளைவில் கூடியிருந்தது. ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டு கியரைத் தட்டினாள். மலை பழைய நிதானத்தோடு முன்னங்காலை மடக்கிக் கழுத்தைத் தாழ்த்தியது. மேலூத்து வந்து நின்றதும், மேலூத்துக்காரர்கள் கைதட்டினார்கள், "அக்கா கை வச்சதும் சரியாப் போச்சு" என்றார்கள்.

"நான் கை வைக்கல. அவுகதான் நிமித்துனாக" என்றாள் பவுனுத்தாயி.

அவர்கள் சிரித்தார்கள். புருஷனை விட்டுக்கொடுக்காத பெண்சாதி என்று மெச்சிச் சிரித்தார்கள். ஒருத்தர்கூட நம்பவில்லை. கூட்டத்தில், ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து, மலை குனிந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்று காத்திருந்த சிலம்பாயியும் இருந்தாள், வலது கை முழங்கை வரைக்கும் வெள்ளைத் துணியில் சுற்றிக் கழுத்தில் தொங்கியது. அவளும் சிரித்தாள். அதைப் பார்த்ததும் ஒச்சப்பனுக்கு, அந்த வேலையைத் தான்தான் செய்தேன் என்று கத்த வந்த வாயில் வேறு வார்த்தை வந்தது.

"கோணவச்சதும் நான்தான்."

யாரோ "என்ன?" என்றார்கள்.

"வெள்ளிக்கெழம மத்தியானம் தபாலாபீசு செவத்துல சாஞ்சிருந்துச்சு. நான்தான் இழுத்து வளைச்சேன். எல்லாரும் இவளையே கேட்டு வாரீக. எனக்குப் பொறுக்கல."

மேகம் தரையில் படிந்திருந்ததால் எல்லோர் தலைமுடியிலும் பொடிப்பொடியாக நீர் கோத்திருந்தது. யாரும் அடிக்க வரவில்லை. ஒச்சப்பன் பெண்சாதியின் பக்கம் திரும்பினான்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள் பவுனுத்தாயி. "சைக்கிளு கீழ விழுந்திருந்தா உள்பக்கமா வளைஞ்சிருக்கும். இது வெளிப்பக்கமால்ல வளைஞ்சிருந்துச்சு. யாராச்சும் பிடிச்சு இழுத்தாத்தான் அப்பிடி வளையும். அங்க பிடிச்சு இழுக்கணும்னு இந்த ஊர்ல ஒங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க சொல்றீகளான்னு பாத்தேன்."

சிலம்பாயி மெதுவாக நடந்து அவன் முன்னால் வந்து நின்றாள். அவனைவிட ஒரு முழம் குட்டை. இடதுகையால் வலதுகைக் கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இந்தக் கை ஆற ரெண்டு மாசமாகும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுவரைக்கும் நீ வந்து டீ ஆத்து. மலை குனியிறப்ப வந்து நிக்கப்படாது. அஞ்சு மணிக்குப் பால் வந்துரும், அதுக்கு முன்ன மிதிச்சு வந்து அடுப்பைப் பத்தவை."

அப்படித்தான் ஒச்சப்பன் மறுநாளிலிருந்து கருக்கலில் எழுந்து, தான் பூட்டிய கேசட்டோடு, தன்னை ஒரு பொருட்டாக மதிக்காத மலையில், பதினேழு வளைவும் தன் காலால் ஏறினான். முதல் நாள் ஏழு இடத்தில் இறங்கித் தள்ளினான், பத்தாவது நாள் இரண்டு இடத்தில். பால் காய்ச்சினான், டீ ஆற்றினான், கடை வாசலில் உட்கார்ந்து குடிக்கிறவர்கள் அவன் முன்னாலேயே பவுனுத்தாயியின் பெருமை பேசினார்கள், அவன் டீயை இன்னும் உயரத்திலிருந்து ஆற்றினான். பத்தே முக்காலுக்கு, மலையின் மேல் நிற்கிறவனுக்கு அது எப்படி இருக்கும் என்று அதுவரை அவனுக்குத் தெரியாது. காலடியில் தரை மூச்சை விடுவது போல லேசாகும். காது அடைத்துத் திறக்கும். பிறகு கீழே பொட்டு மாதிரி தெரிந்த தன் கடை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி, ஓடு தெரிந்து, தொங்கும் டயர்கள் தெரிந்து, அதற்குக் கீழே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் பவுனுத்தாயியும், அவளைச் சுற்றி நிற்கிற ஏழெட்டுப் பேரும் தெரிவார்கள். அந்த ஏழெட்டுப் பேரை எண்ணாமல் அவனால் இருக்க முடியவில்லை. எண்ணும்போதெல்லாம் எரிந்தது. குறைந்திருக்கும் என்று எதிர்பார்த்தான், குறையவில்லை.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், மலை குனிந்து நின்றதும், ஒச்சப்பன் இரண்டு கிளாஸில் டீயை எடுத்துக்கொண்டு சாலையைத் தாண்டிப் போனான். பவுனுத்தாயி யாரோ ஒரு வாத்தியாரின் சைக்கிளுக்குப் புதுக் கேசட் இறக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, கிரீஸ் கையை முழங்காலில் துடைத்துக்கொண்டு, ஒரு கிளாஸை வாங்கி ஒரு மிடறு குடித்தாள்.

"சீனி பத்தல" என்றாள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒச்சப்பனுக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது. ஆனாலும் அவன் போகவில்லை. அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவள் விரல் ஒவ்வொரு சக்கரத்தையும் எடுத்து, திருப்பி, குறுகல் காடிக்கு நேராகப் பிடித்து, தள்ளாமல், அது தானாக வழுக்கி உள்ளே போகட்டும் என்று விடுவதைப் பார்த்தான். அவன் எப்போதும் தட்டித்தான் இறக்குவான்.

"தள்ள மாட்டியா?" என்று கேட்டான். இருபத்திரண்டு வருஷத்தில் தொழிலைப் பற்றி அவளிடம் அவன் கேட்ட முதல் நிஜமான கேள்வி அது.

"தள்ளுனா பெறகு கழட்டுறப்ப அழும்" என்றாள் அவள். "சக்கரத்தப் பிடிங்க. வளையத்த இறுக்கணும்."

அவன் இரண்டு கையாலும் சக்கரத்தின் விளிம்பைப் பிடித்தான். சாலைக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தாவின் மணிச்சத்தம் கேட்டது, அவள் தபாலை முடித்துக்கொண்டு திரும்பிவிட்டாள். "ஒச்சப்பா, மலை ஏறப்போகுது, வாய்யா! பாலு பொங்குது!" என்று சிலம்பாயி அங்கிருந்து கத்தினாள். பவுனுத்தாயி திருகிக்கொண்டிருந்தாள், இன்னும் கிர்ர் என்ற சத்தம் வரவில்லை. ஒச்சப்பன் கையை எடுக்கவில்லை. ஜெசிந்தா சின்னச் சக்கரத்துக்குத் தட்டினாள். அவன் முதுகுக்குப் பின்னால் மேலூத்து, டீக்கடையோடும், பொங்குகிற பாலோடும், சுவரில் சாய்த்து வைத்திருந்த அவன் சைக்கிளோடும், எழுந்து மேலே போனது.

கிர்ர் கிர்ர் என்று வளையம் இறுகியது.

"விட்ருங்க" என்றாள் பவுனுத்தாயி.

அவன் கையை விட்டான். இரண்டு கிளாஸையும் வாளித் தண்ணீரில் அலசி, ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு எடுத்துக்கொண்டு, நடந்தே மலை ஏற ஆரம்பித்தான். சிலம்பாயி பதினேழு வளைவுக்கும் கேட்கும்படி மேலே இருந்து திட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது வளைவில் நின்று, தன்னைப் பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்த்தான். பவுனுத்தாயி பார்க்கவில்லை, வாத்தியாரின் பெடலைச் சுற்றிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள், அவளைச் சுற்றி இப்போது ஒன்பது பேர் நின்றார்கள்.